போஸ்டர் மூலையில் ஒரு கருப்புப் பெட்டி

எங்கள் வீட்டு டிவியில் படம் தேட உட்கார்ந்தால் போஸ்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றின் இடது மேல் மூலையிலும் சின்னதாக ஒரு கருப்புப் பெட்டி. அதற்குள் ‘4கே’ என்றோ ‘1080’ என்றோ வெள்ளை எழுத்து. பெட்டியின் அகலம் 305 பிக்சல், உயரம் 105, முனைகள் குத்தாமல் இருக்க 30 பிக்சல் வளைவு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பில் இந்த எண்களை எழுதி வைத்தவன் நான்தான். விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு புரோகிராம் விழித்துக்கொண்டு அந்தக் கோப்பைப் படிக்கும். புதிதாக வந்த படங்களின் போஸ்டர்களை எடுத்து, மூலையில் பெட்டியை ஒட்டி, திரும்ப மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஊரில் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டக் கிளம்புகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதுதான் நேரம்.

முதல் நாள் இதைப் பார்த்த அப்பா, “ஏண்டா, நல்லா இருந்த படத்து மேல எதுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கே?” என்றார்.

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

காசு கொடுத்து வாங்கிய டிவிடி, புளூ-ரே தட்டுகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒரு சர்வர் புரோகிராமின் பொறுப்பில் விட்டால், வீட்டிலுள்ள டிவி, போன், டேப்லெட் எல்லாவற்றிலும் அவற்றைப் பார்க்கலாம். சந்தா கட்டாத சொந்த ஓடிடி மாதிரி. பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் என்று இதற்குப் பல சர்வர்கள் உண்டு. அவை படத்தின் பெயரைக் கண்டுபிடித்து, இணையத்திலிருந்து போஸ்டரை இறக்கி, அழகாக அடுக்கிக் காட்டும். அந்தப் போஸ்டரின் மேல் நாமாகச் சேர்க்கும் அடையாளத்துக்குத்தான் ஓவர்லே என்று பெயர். பார்த்தால் பொழுதுபோகாதவனின் அலங்காரம் போலத் தெரியும். கைவைக்க வேறு இடமே இல்லாதபோது, கைவைக்க முடிந்த ஒரே இடத்தில் வைத்த கை அது.

அப்படிக் கைவைத்தவர்களில் மூத்தவர் அமெரிக்கத் தியேட்டர்க்காரர். ஹாலிவுட் போஸ்டரின் வழக்கமான அளவு 27க்கு 40 அங்குலம். முன்காலத்தில் 27க்கு 41. ஒன்-ஷீட் என்பார்கள். அச்சடித்து வரும் போஸ்டரில் தியேட்டர்க்காரர் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனால் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். இந்த வாரமும் தொடர்கிறது. படம் விருது வாங்கிவிட்டது. ஓடுவது எங்கள் தியேட்டரில்தான். ஆகவே தனியாக ஒரு துண்டுத்தாளில் அச்சடித்து, போஸ்டரின் மேல் குறுக்கே ஒட்டினார். அந்தத் துண்டுக்கு ஸ்னைப் என்று பெயர். கடைக் கண்ணாடியில் வைக்கும் 14க்கு 22 அங்குல விண்டோ கார்டில் இதற்கென்றே தலைப்பகுதியை வெறுமையாக விட்டு அச்சடித்தார்கள். தியேட்டர் பெயரையும் தேதியையும் உள்ளூரில் போட்டுக்கொள்ளலாம். ‘இன்று முதல்’, ‘தினசரி 4 காட்சிகள்’, ‘வெற்றிகரமான 50வது நாள்’ என்ற துண்டுகளைச் சுவர்களில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டிவி திரைக்குள் போஸ்டர் அடுக்கு வந்த கதை, ஒரு விளையாட்டுப் பெட்டியில் ஆரம்பிக்கிறது. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. உள்ளே இருந்தது 733 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 64 எம்பி நினைவகமும். இன்றைய கணக்கில் பொடிப்பயல். அதன் பூட்டைத் திறந்து, வீடியோ ஓட்டும் பெட்டியாக மாற்றினார்கள் சில ஆர்வலர்கள். 2004-ல் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டரின் 1.0 பதிப்பு வந்தது. சுருக்கமாக எக்ஸ்பிஎம்சி, இதுவே 2014-ல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்தப் புரோகிராமின் தோற்றம் முழுக்க ஸ்கின் என்ற மேல்தோலில் இருந்தது. யார் வேண்டுமானாலும் புதுத் தோல் தைக்கலாம். படம் எந்தத் தெளிவில் இருக்கிறது, ஒலி எந்த வகை என்பதையெல்லாம் சின்னச் சின்ன முத்திரைகளாகக் காட்ட ஸ்கின் எழுதுகிறவர்கள் வழி செய்தார்கள். மீடியா ஃப்ளாக் என்பார்கள். திரையில் வரையும் கணத்தில் அவை வந்து நிற்கும், அடுத்த படத்துக்குப் போனால் மறைந்துவிடும். போஸ்டர் கோப்பின் மேல் ஒரு பொட்டு மை படாது. முறையான வழி என்றால் அதுதான். எல்லோரும் அங்கேயே இருந்திருந்தால் ஓவர்லே என்ற சங்கதியே பிறந்திருக்காது.

போஸ்டருக்கும் ஓர் ஊற்று வேண்டுமே. இந்தக் கூட்டத்துக்குப் பெரிய அளவுப் போஸ்டர் கிடைக்கட்டும் என்று டிராவிஸ் பெல் என்பவர் 2008-ல் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான் தி மூவி டேட்டாபேஸ். இன்றைக்கு உலகில் முக்கால்வாசி வீட்டு சர்வர்கள் போஸ்டருக்கு அதன் வாசலில்தான் போய் நிற்கின்றன என்று தோன்றுகிறது. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன்.

அதே சமயம் பாப்கார்ன் அவர் என்றொரு பெட்டி வந்தது. டிவிக்குக் கீழே வைத்து ஹார்ட் டிஸ்கை மாட்டினால் படம் ஓட்டும். ஆனால் தானாகப் படங்களை அடுக்கிக் காட்டும் அறிவு அதற்குக் குறைவு. தயாராக வைத்த எச்டிஎம்எல் பக்கங்களைத் திறந்து காட்டத் தெரியும், அவ்வளவுதான். இந்தக் குறைக்கு ஈடாக ஜாவாவில் எழுதப்பட்டதுதான் யெட் அனதர் மூவி ஜூக்பாக்ஸ். அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் டிஸ்கில் உள்ள படங்களை எல்லாம் எண்ணி, போஸ்டர்களை இறக்கி, பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிடும். படம் எச்டியா, எந்த மொழி என்பதை எங்கே காட்டுவது? பக்கம் செத்த பக்கம். பெட்டியோ படத்தை மட்டும் காட்டும். சரி, படத்திலேயே எழுதிவிடு! எச்டி முத்திரையையும் மொழிக்கொடியையும் போஸ்டரின் சிறுபடத்திலேயே பதித்துத் தள்ளியது ஜூக்பாக்ஸ். அமைப்புக் கோப்பில் எச்டி லோகோவுக்கு எதிரே ‘ட்ரூ’ என்று ஒரு சொல் போட்டால் போதும். என்னைக் கேட்டால், இன்றைய ஓவர்லே பிறந்த வீடு இதுதான். திரையால் முடியாததைப் போஸ்டர் சுமந்தது.

இன்னொரு பக்கம், விண்டோஸ் மீடியா சென்டருக்குத் துணையாகக் கிளம்பிய மீடியா பிரவுசர், பின்னாளில் எம்பி ஆயிற்று. அதற்குக் கவர்ஆர்ட் என்றொரு இணைப்பு இருந்தது. போஸ்டரை புளூ-ரே டப்பாவுக்குள் இருப்பதுபோலச் சட்டம் போட்டு, தெளிவு முத்திரையும் சேர்த்துக் காட்டும். அசல் படத்தைத் தொடாமல், கேட்கும்போது மட்டும் சர்வரே வரைந்து கொடுக்கும் முறை. எனக்கு அந்த டப்பா அழகு பிடிக்காது, முறை பிடிக்கும்.

இனி பிளெக்ஸ். எக்ஸ்பிஎம்சியை மேக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர ஈலன் ஃபைன்கோல்ட் என்பவர் 2007 டிசம்பரில் முனைந்தார். 2008-ல் அது தனிக்குடித்தனம் போய் பிளெக்ஸ் ஆயிற்று. பிறகு சர்வர் வேறு, திரையில் காட்டும் ஆப் வேறு என்று இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவில்தான் அதன் பலம் இருக்கிறது. ரோக்கு, ஆப்பிள் டிவி, சாம்சங், எல்ஜி என்று கண்ட இடமெல்லாம் ஆப் போட்டார்கள். எந்தப் பெட்டியில் திறந்தாலும் ஒரே முகம். ஆனால் அந்த முகத்தில் நாம் பொட்டு வைக்க முடியாது. எக்ஸ்பிஎம்சியிலிருந்து வந்த ஸ்கின் வழக்கம் மெல்லத் தேய்ந்து மறைந்தது. டிவி கம்பெனிகளின் பெட்டிகளுக்குள் ஓட வேண்டிய ஆப்புக்கு அது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். வீட்டுக்காரனுக்குத் திறந்திருந்த கதவுகள் சில மட்டும்: போஸ்டரை மாற்றலாம், லேபிள் போடலாம், மதிப்பெண் போடலாம்.

பூட்டிய கதவு வெகுநாள் யாரையும் உறுத்தவில்லை. உறுத்த வைத்தது 4கே.

2016-ல் அல்ட்ரா எச்டி புளூ-ரே தட்டுகள் கடைக்கு வந்தன. 3840க்கு 2160 பிக்சல். ஒரு படம் அறுபது எழுபது ஜிபிகூடப் பிடிக்கும். புதுப் பெரிய டிவியில் கண்ணைப் பறிக்கும். பழைய டிவியிலோ போனிலோ அதே கோப்பைத் திறந்தால், அந்தப் பெட்டிக்கு அது செரிக்காது. சர்வர் ஓடிக்கொண்டே படத்தைச் சின்னதாக்கிக் கொடுக்க வேண்டும். சின்னக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். எச்டிஆர் படமாக இருந்தால் அன்றைக்கு நிறமும் வெளுத்துப்போகும். சலவைக்குப் போட்ட கலர்ச் சட்டை மாதிரி. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஒரே படத்தை 4கே ஒன்று, 1080 ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வைத்தார்கள். இரண்டுக்கும் போஸ்டர் ஒன்றே. எது எது என்று எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியின் பெயர் அப்பா. அவர் அறை டிவி பழசு. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து, தன் பாட்டுக்கு ஒரு போஸ்டரை அழுத்துவார். அது 4கே பிரதியாக இருந்தால் திரையில் வட்டம் சுற்றும். “சுத்திக்கிட்டே இருக்குடா” என்று கூப்பிடுவார். நான் போய், அந்தப் படத்திலிருந்து வெளியே வந்து, பட்டியலில் கீழே இறங்கி, இன்னொரு பிரதியைத் தேடிப் போட்டுக் கொடுப்பேன். வாரத்தில் மூன்று நாள்.

இதே எரிச்சல் உலகம் முழுக்கப் பல வீடுகளில் இருந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தார்கள். பைத்தானில் பிளெக்ஸோடு பேசும் ஒரு நூலகம் உண்டு. அதை வைத்துப் போஸ்டரை இறக்கு, தலையில் ‘4கே’ பட்டையை ஒட்டு, திரும்ப ஏற்று. முப்பது நாற்பது வரியில் முடியும் வேலை. நானும் எழுதினேன். முதல் நாள் அற்புதமாக இருந்தது. இரண்டாம் நாள்தான் புத்தி வந்தது.

நேற்று ஒட்டிய போஸ்டர்தான் இன்றைக்கு சர்வரில் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. அசல் என்று நினைத்து அதன் மேல் இன்னொரு பட்டை. கருப்பு பாதி ஊடுருவித் தெரியும்படி இருந்ததால் இரண்டாம் நாள் கொஞ்சம் கூடக் கறுத்தது, மூன்றாம் நாள் இன்னும். பேருந்து நிலையச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டி, ஒரு விரல் கனத்துக்குப் பொருக்கு நிற்குமே, அதே கதை. இதை எழுதியவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன். ஒட்டுவது சுலபம். ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதும், உரித்து எடுப்பதும்தான் வேலை.

அந்த வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் ஒரு புரோகிராம் நிலைத்தது. படங்களைத் தொகுப்புகளாகச் சேர்க்க பிளெக்ஸ் ஆட்டோ கலெக்‌ஷன்ஸ் என்ற ஸ்கிரிப்ட் இருந்தது. அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதியது பிளெக்ஸ் மெட்டா மேனேஜர். முதலில் தொகுப்புகள், பிறகு ஓவர்லே. 2024-ல் பெயரைக் கமேட்டா என்று மாற்றிக்கொண்டார்கள். சில மொழிகளில் வால்நட்சத்திரம் என்று பொருள். இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது.

ஒட்டும் முன் அது மூன்று காரியம் செய்கிறது. அசல் போஸ்டரை எடுத்து, லைப்ரரியின் பெயரில் ஒரு ‘ஒரிஜினல் போஸ்டர்ஸ்’ அடைவில் பத்திரப்படுத்தும். படத்துக்கு பிளெக்ஸில் ‘ஓவர்லே’ என்று ஒரு லேபிள் கட்டும். ஒட்டி முடித்த படத்தின் எக்ஸிஃப் குறிப்புக்குள், கேமரா பெயரும் தேதியும் வழக்கமாக இருக்கும் இடத்தில், ஓவர்லே என்ற சொல்லைச் செருகிவிடும். நாளைக்குப் போஸ்டரைத் திறந்தவுடன் தான் ஒட்டியதுதான் என்று அடையாளம் கண்டுகொள்ளும். எப்போதும் அசலை எடுத்துத்தான் புதிதாக ஒட்டும். வேண்டாம் என்று தோன்றினால் ‘ரிமூவ் ஓவர்லேஸ்’ என்று ஒரு வரி. மறுநாள் காலை சுவர் சுத்தம். சினிமாப் போஸ்டர் ஒட்டிய வரலாற்றில் உரிப்பதற்கும் சேர்த்து யோசித்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, பட்டவன் சொல்கிறேன்: இது ஓடும்போது இதே வேலையைச் செய்யும் இன்னொன்று ஓடக் கூடாது. கமேட்டாவை வைத்த பிறகு என் பழைய ஸ்கிரிப்டை நிறுத்த மறந்துவிட்டேன். விடிகாலை நான்கு மணிக்கு அது ஒட்டும், ஐந்து மணிக்கு இது ஒட்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போஸ்டரில் கதாநாயகன் முகத்தைத் தவிர எல்லாம் ‘4கே’.

அமைப்புக் கோப்பு யாமல் என்ற எழுத்துமுறையில் இருக்கும். இடைவெளிதான் அங்கே இலக்கணம். லைப்ரரியின் பெயர், அதற்குக் கீழே இரண்டு இடைவெளி தள்ளி ‘ஓவர்லே ஃபைல்ஸ்’, இன்னும் தள்ளி ஒரு கோடு, பிறகு ‘டிஃபால்ட்: ரெசல்யூஷன்’. இவ்வளவு எழுதினாலே மூலையில் பெட்டி வந்துவிடும். இடைவெளிக்குப் பதில் டேப் பொத்தானை அழுத்திவிட்டால் மொத்தக் கோப்பும் செல்லாது. நாற்பது வரிக் கோப்பில் அந்த ஒரு டேப்பைத் தேடி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

பெட்டி எங்கே உட்காரும் என்பதும் எண்தான். எந்தப் போஸ்டர் வந்தாலும் முதலில் 1000க்கு 1500 பிக்சலாக மாற்றிக்கொள்ளும். பழைய ஒன்-ஷீட்டின் 27க்கு 40-ஐ ஒட்டிய விகிதம். தொடரின் தனித்தனி எபிசோடு என்றால் 1920க்கு 1080. பிறகு எந்த ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் என்று சொல்ல வேண்டும். என்னுடையது இடமிருந்து 15, மேலிருந்து 15. நிறம் #00000099. முதல் ஆறு சுழியும் கருப்பைக் குறிக்கும். கடைசி 99 பதினாறின் அடுக்கில் எழுதியது. நம் கணக்கில் 153. முழு அடர்த்தி 255, ஆக இது சரியாக 60 சதவீதம். கீழே போஸ்டரில் 200 என்ற வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பிக்சல் இருந்தால், அதில் 40 சதவீதம் மட்டும் தப்பித்து 80 ஆக மங்கித் தெரியும். படமும் தெரியும், எழுத்தும் படிக்க முடியும். 99-ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்பா சொன்ன ஸ்டிக்கரேதான்.

இந்தக் கழித்தல் பெருக்கலுக்குப் பின்னால் ஒரு வம்சம் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு அது எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்பதையும் ஓர் எண்ணாகச் சேர்த்து வைக்கலாம் என்று 1970-களின் கடைசியில் நியூயார்க்கில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் கண்டார்கள். ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் கணக்கை 1984-ல் லூகாஸ்ஃபிலிமிலிருந்து தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒரு கட்டுரையில் வகுத்தார்கள். இந்த நால்வருக்கும் 1996-ல் ஆஸ்கர் அமைப்பின் அறிவியல், பொறியியல் விருது கிடைத்தது. கமேட்டா போஸ்டரின் மூலையில் ‘ஆஸ்கர் வென்ற படம்’ என்று ரிப்பன் ஒட்டுகிறதே, அந்த ஒட்டும் கணக்கே ஆஸ்கர் வாங்கியது. இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் அசரவில்லை.

கமேட்டா நேரடியாக நம்பியிருப்பது பில்லோ என்ற பைத்தான் நூலகத்தை. ஸ்வீடன்காரர் ஃப்ரெட்ரிக் லுண்ட் 1990-களில் எழுதிய பைத்தான் இமேஜிங் லைப்ரரி, சுருக்கமாகப் பில், வளர்ச்சி நின்று கிடந்தபோது 2010-ல் அதிலிருந்து கிளைத்தது. பில்லோ என்றால் தலையணை. பில்லுக்குள் இருந்து வந்ததால் பில்லோ.

தெளிவு முத்திரையோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கே நின்றிருக்கும். ஆனால் ஒரு துண்டு ஒட்டியவன் கை அடுத்ததைத் தேடும். ஒலி வகை, ஓடும் நேரம், மொழிக்கொடி, எந்த ஓடிடியில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கமேட்டாவில் ஆயத்த ஓவர்லே உண்டு. எனக்குப் பிடித்தது, டைட்டில் ஓடி முடிந்த பிறகு ஒரு காட்சி இருக்கிறது என்று சொல்லும் முத்திரை. அந்தத் தகவல் மூவி டேட்டாபேஸில் யாரோ ஒரு ரசிகர் படத்தோடு சேர்த்த குறிச்சொல்லில் இருந்து வருகிறது.

மதிப்பெண் ஓவர்லேயில் ஒரு தந்திரம் இருக்கிறது. பிளெக்ஸில் மதிப்பெண் வைக்க மூன்று குழிகள்: விமர்சகர், பார்வையாளர், நாமே. ஓவர்லே அந்தக் குழிகளில் இருப்பதைத்தான் படித்து எழுதும். ஐஎம்டிபி, ராட்டன் டொமேட்டோஸ், மூவி டேட்டாபேஸ் என்று மூன்றும் வேண்டுமானால், நம்முடைய குழியிலும் இன்னொருவர் எண்ணை ஊற்ற வேண்டும். யோசிக்காமல் ஊற்றினேன். தம்பி வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட நட்சத்திரங்கள் ஒரே விடிகாலையில் போயின. இன்றும் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வரும்.

இன்னொன்று, தினமும் எல்லாப் போஸ்டரையும் மறுபடி ஒட்டச் சொல்லும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை ‘ட்ரூ’ என்று விட்டுவிடாதீர்கள். ஏற்றிய ஒவ்வொரு போஸ்டரையும் சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்ளும், பழையதை வீசாது. என்னிடம் சுமார் 1,100 படங்கள். போஸ்டர் ஒன்றுக்கு 400 கேபி என்றால் ஒரு ராத்திரிக்கு 440 எம்பி; ஒரு மாதத்தில் 13 ஜிபி, படமே இல்லாத வெறும் போஸ்டர். இந்தக் குப்பையை அள்ள கமேட்டாக்காரர்களே இமேஜ்மெய்ட் என்று தனியாக ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து எத்தனை பேர் அந்த ஸ்விட்சைப் போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

ரிப்பன் வலது கீழ் மூலையில் சாய்வாக வரும். ஆஸ்கர், கான், பெர்லின், ஐஎம்டிபியின் முதல் 250 என்று வரிசையாக இருக்கும்; மோசமான படத்துக்கான ரேஸி விருதுக்கும் உண்டு. ஒரே படம் இரண்டு மூன்றுக்குத் தகுதியானால் சண்டை வராமல் இருக்க எல்லா ரிப்பனையும் ஒரு குழுவாக்கி, ஒவ்வொன்றுக்கும் எடை போட்டிருப்பார்கள். எடை கூடியது மட்டும் ஒட்டப்படும். அந்தக் குழுவில் எல்லாவற்றையும்விட அதிக எடையோடு நான் ஒன்றைச் சேர்த்தேன்: சிறந்த படத்துக்கான தேசிய விருது. ‘மறுபக்கம்’, ‘காஞ்சிவரம்’, ‘சூரரைப் போற்று’. மூன்று போஸ்டரிலும் அது ஏறிய காலையில் டிவி முன்னால் காப்பியோடு கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தோன்றியது. அவர் கேள்விக்கு ‘4கே’ பெட்டி பாதிப் பதில். கருப்புப் பெட்டியில் 4கே என்றிருந்தால் அவர் அறையில் அழுத்த வேண்டாம் என்று கற்றுக்கொண்டுவிட்டார், ராத்திரி அழைப்பு நின்றது. மீதிப் பதிலுக்கு அவருடைய பிரியமான படம் ஒன்றை எடுத்தேன்: ‘ஹரிதாஸ்’. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த பாகவதர் படம். அதன் போஸ்டரில் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டும்: ‘வெற்றிகரமான 3வது தீபாவளி’. அகலம் 1000, உயரம் 150, கீழிருந்து 0.

மறுநாள் காலையில் பட்டை வந்திருந்தது, எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக. எழுத்துரு எதுவும் சொல்லாவிட்டால் ரோபோட்டோவில் எழுதும். ரோபோட்டோவுக்குத் தமிழ் தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழை வைத்தேன். அடுத்த நாள் எழுத்து வந்தது, ஆனால் வ-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதைத் தாண்டிப் போய் ற-வின் முன்னால் நின்றது. எழுதும் வரிசையில் கொம்பு பின்னால் வரும். அதை முன்னால் தள்ளி நிறுத்தும் வேலையை பில்லோ தானாகச் செய்யாது, ராக்ம் என்ற துணை நூலகத்திடம் விட்டுவிடும். ராக்முக்கு ஃப்ரிபிடி என்று இன்னொரு துணை. என் குட்டிக் கம்ப்யூட்டரில் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இல்லை. அதை மாட்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. 1000க்கு 1500-ல் பின்னணி இல்லாத ஒரு பிஎன்ஜி திறந்து, கீழே சிவப்புப் பட்டை வரைந்து, எழுத்தைப் படமாகவே எழுதி, ஓவர்லே அடைவில் போட்டேன். தியேட்டர்க்காரர் துண்டுத்தாள் அச்சடித்த மாதிரியே.

ஐந்து மணிக்கு ஒட்டியது. ஏழு மணிக்கு அப்பாவை டிவி முன்னால் உட்கார வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டையை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தியேட்டர் பேரு எங்கேடா? பிராட்வேன்னு போட வேணாமா?”

மறுபடி கோப்பைத் திறந்தேன்.